வளைவுக்குள் ஒரு குடம் கடல்

மாதா கோயில் வளைவில் இரத்தம் வடிகிறது என்று முதலில் கத்தியவள் யாகப்பம்மாள். வியாழக்கிழமை காலைப் பூசையில், சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரம் பார்த்துக் கத்தினாள். கூரையின் வட்டக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் பீடத்துக்கு முன்னால் நிற்கும் பெரிய வளைவின் உச்சியில் விழுந்திருந்தது. அந்த வெள்ளைச் சுவரில் விரல் அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு கோடு, ஈரம் மின்ன, கீழே இறங்கியிருந்தது. முந்தின இரவு கொட்டித் தீர்த்த ஐப்பசி மழையை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கோயில் முழுக்க முழங்காலில் விழுந்தது.

விழாமல் நின்றவள் ஒருத்திதான், யாகப்பம்மாளின் மருமகள் பிரெசில்லா. பக்தி குறைந்து நின்றாள் என்று பிறகு பேசினார்கள். அவள் பயந்துபோய் நின்றாள். அது இரத்தம் இல்லை, உள்ளே இருக்கும் கம்பியின் துரு என்பது பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பி ஏன் துருப்பிடித்தது என்பதும் ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். துருவேறிய கம்பி ஊதி, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும் என்று கட்டட வேலையில் கேட்டிருக்கிறாள். அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் பாடகர் குழுவின் இடம். முன்வரிசையில் முழங்காலிட்டிருந்தது அவள் மகள் ஆஸ்லின்.

மரியாள்வலசை மண்டபத்துக்கு மேற்கே கடலை ஒட்டிய சின்ன ஊர். பிரெசில்லா பாம்பனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் சும்மா இருக்காது. மீன் ஏலத்தில் அவள் பேச ஆரம்பித்தால் வியாபாரிகள் பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவார்கள். புருசன் ஆன்டனி ராஜ் அவளுக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆறு வருசத்துக்கு முன்னால், காற்று மாறிய ஒரு சாயங்காலம், அவன் போன வள்ளம் மட்டும் காரங்காட்டுப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. அவன் கிடைக்கவில்லை.

தேடி ஓய்ந்தபின் அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்று சொல்ல வந்தவர்களை யாகப்பம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"உடம்பக் காட்டுங்க, நான் அழுவுறேன். உடம்பு இல்லாம எப்படி அழுவச் சொல்றீக? எம்மகன் இலங்கைச் சிறையில இருக்கான். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வருவான்."

எந்தச் சிறை என்று கேட்டால் பதில் இருக்காது. கேட்கிறவர்களுக்கு மறுநாளிலிருந்து பேச்சும் இருக்காது. பூசை நடக்கவில்லை, கல்லறையில் சிலுவை ஊன்றவில்லை. மகனுடைய சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பாள். மருமகள் கழுத்தில் தாலி கிடந்தாக வேண்டும் என்பதில் மட்டும் கண்ணாக இருந்தாள். பிரெசில்லா பெண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. கல்லறைத் திருநாள் வந்தால் ஊரே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றும். இவள் வத்திக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பாள். கடற்கரையில் ஏற்றிப் பார்த்தாள், காற்று விடவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் வாய்தான் அசைந்தது. உள்ளே ஜெபம் செத்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஓட்டுக் கோயில் இருந்த இடத்தில் புதுக்கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். வேலை எடுத்தவர் கமுதிப் பக்கத்துத் தர்மராஜ். உள்ளூர்ப் பெண்களைச் சித்தாளாகச் சேர்த்துக்கொண்டார், பிரெசில்லாவும் சேர்ந்தாள். மனுசர் தங்கமானவர், ஆனால் தண்ணீர் விசயத்தில் பிசாசு. ஊர்க் கிணறு உப்பு என்று உள்நாட்டிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவருவார். அதில் யாராவது கால் கழுவினால் தொலைந்தார்கள்.

"கடல் தண்ணி ஒரு குடம் கலவையில போச்சுன்னா கம்பியத் தின்னுப்புடும். கடல்ல கால நனைச்சவுக மெஷின் பக்கம் வராதீக!" என்று கத்துவார்.

கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பெண்கள் அவருக்குத் 'தண்ணி மேஸ்திரி' என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்ததே பிரெசில்லாதான்.

வளைவுக்குக் கான்கிரீட் போடும் நாளில் சாமியார் ஒரு காரியம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் நினைவாக ஒரு சின்னப் பதக்கமோ சிலுவையோ கலவையில் போடலாம். நம்மைப் பெற்றவர்களும் நம்மோடு இந்தக் கோயிலைத் தாங்கட்டும் என்றார். நல்ல எண்ணம்தான். ஊர் வரிசையில் நின்று போட்டது. யாகப்பம்மாள் வரிசையில் நிற்கவில்லை.

"எங்க வீட்டுல யாரும் சாகல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நடந்தாள்.

தலையில் சும்மாடும் கையில் சட்டியுமாக நின்ற பிரெசில்லாவின் நெஞ்சு அப்போது வெந்தது. எல்லார் வீட்டுச் செத்தவர்களும் வளைவுக்குள் போகிறார்கள். அவள் புருசனுக்கு மட்டும் அங்கேயும் இடம் இல்லையா? மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மொண்டாள். கடைசிக் கலவை ஓடும்போது லாரித் தண்ணீருக்குப் பதிலாக அந்தக் குடத்தை மெஷினில் கவிழ்த்தாள். அந்தக் கலவையைத் தானே சட்டி சட்டியாகச் சுமந்து, சாரத்தில் ஏறி, வளைவின் உச்சிக்குக் கை மாற்றிக் கொடுத்தாள். தர்மராஜ் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு குடம் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அன்றுதான் தன் புருசனை அடக்கம் செய்தாள்.

சில வாரம் கழித்து, கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தார்கள். கீழே சிதறிய ஆணிகளைக் கூட்டிப் பெருக்குவது பிரெசில்லா வேலை. கடைசிப் பலகை இறங்கியதும் அவள் தற்செயலாக நிமிர்ந்தாள். அதுவரை முட்டுக்கம்பு காடாக இருந்த இடத்தில் வளைவு தனியாக நின்றது. மேலே கண்ணாடி போடாத வட்டத்தின் வழியே வெளிச்சம் இறங்கி, வளைவைத் தொட்டு, தரையில் விழுந்து கிடந்தது. கடல் இரைச்சல் உள்ளே வந்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. அவள் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணல் அவள் சுமந்தது. ஜல்லி அவள் சுமந்தது. சிமெண்டும் தண்ணீரும் அவள் சுமந்ததுதான். எல்லாச் சட்டியும் அவள் தலைமேல்தான் போனது. ஆனால் இப்போது இங்கே இருக்கிற இது, இந்த அமைதி, இந்த அழகு, எந்தச் சட்டியில் வந்தது? அவள் சுமந்த எதிலும் இது இல்லையே! யார் கொண்டுவந்து வைத்தது? உட்கார்ந்து அழுதாள். வருசக்கணக்கில் வராத ஜெபம் அன்று வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. 'இருக்கீகளா?' என்று மட்டும் மனசு கேட்டது. இருக்கிறேன் என்று குரல் எதுவும் வரவில்லைதான். ஆனாலும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வளைவில்தான் இப்போது துரு வடிந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் செய்தி எங்கும் பரவிவிட்டது. செல்போன் இருக்கிற காலத்தில் கேட்கவா வேண்டும்? தங்கச்சிமடத்திலிருந்து வேன்கள் வந்தன. பெரியபட்டினத்து முஸ்லிம் பெண்கள்கூடக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்கள். நீளக் கம்பில் துணி கட்டி அந்தக் கோட்டை ஒற்றி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். கம்பு வளைவில் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் பிரெசில்லா நிமிர்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். எல்லோருக்கும் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் யாகப்பம்மாள்.

"ஒன்பது நாள் நவநாள் சொன்னேன். எம்மகன் உசுரோட இருக்கான்னா ஒரு அடையாளம் காட்டு தாயேன்னு கேட்டேன். ஒன்பதாம் நாளு ரத்தத்தக் காட்டிப்புட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்த ஆஸ்லினுக்குத் தலை வாரிவிடும்போது சீப்பில் எதுவோ தட்டியது. முடிக்குள்ளிருந்து மொச்சை அளவில் ஒரு கான்கிரீட் துணுக்கு வந்து விழுந்தது. ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் துரு. பிரெசில்லா அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மகள் பார்க்காதபோது அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. கடற்கரை ஊரில் எதை நக்கினாலும் உப்புத்தான் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானத்தை அவளே நம்பவில்லை.

"என்னடி அது? மாதா குடுத்ததா?" யாகப்பம்மாள் அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அத்தே, நாளைக்கு ஆஸ்லின் பாட வேணாம்."

"ஏன்? ஊரே கும்புடுற எடத்துல எம்பேத்தி நிக்கக் கூடாதோ?"

சனிக்கிழமை காலை பிரெசில்லா சாமியாரிடம் போனாள். மனுசர் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தார்.

"சாமி, அது ரத்தம் இல்ல, துரு."

"எனக்கும் அப்படித்தான் படுது பிரெசில்லா. தர்மராஜுக்குப் போன் பண்ணிட்டேன், திங்கக்கிழமை வாரேன்னாரு. மழைத்தண்ணி கசிஞ்சிருக்கும். சனம் இருக்கிற இருப்புல இப்ப நான் எதச் சொல்ல? ஞாயிறு போகட்டும்."

வெறும் கசிவு இல்லை சாமி, நான் ஊற்றிய உப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். வாசலில் நிழல் விழுந்தது. மாதாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு யாகப்பம்மாள் நின்றிருந்தாள். ஆறு வருசமாக அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு அன்று இருந்தது. ஏலத்தில் நாலு ஊரை வாயடைக்கிற பிரெசில்லா, அந்தச் சிரிப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். துருவின் கதையைச் சொன்னால் குடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். குடத்தின் கதையைச் சொன்னால் அந்தக் கிழவியின் மகன் செத்துப்போவான். பகல் முழுக்கத் தன்னையே காறித் துப்பாத குறையாகத் திட்டிக்கொண்டு கிடந்தாள்.

சாயங்கால ஜெபமாலைக்குக் கோயில் கொள்ளவில்லை. பாடகர் குழு வளைவின் கீழ் நின்றது. எத்தனை சொல்லியும் ஆஸ்லின் முன்வரிசையில்தான் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. பிரெசில்லா வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துருக்கோட்டின் இரண்டு பக்கமும் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காலையில் அது இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அங்கிருந்து மெல்லத் தூசி இறங்கி மகளின் தோளில் படிந்தது.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"ஆஸ்லின், வெளிய போ! எல்லாரும் அங்கிட்டு நகருங்க. அது ரத்தம் இல்ல. கம்பி துருப்பிடிச்சு வெடிக்குது. விழப்போகுது!"

"எறங்குடி கீழ! வாயக் கழுவு!" என்று ஒருத்தர் கத்தினார்.

"நான்தான் காரணம். கான்கிரீட் போட்ட அன்னைக்கு ஒரு குடம் கடல் தண்ணிய நான்தான் கலவையில ஊத்துனேன். அந்தக் கலவை நேரா அந்த எடத்துக்குத்தான் போச்சு. நானே சுமந்தேன்."

சாமியார் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு இப்போதுதான் விசயம் முழுசாகப் புரிந்தது. "பிள்ளைகளைக் கூட்டிட்டு எல்லாரும் வெளிய போங்க. உடனே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கலைந்தது. திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் போனார்கள். கலைந்த கூட்டத்தில் யாகப்பம்மாள் மட்டும் நகரவில்லை.

"எதுக்குடி ஊத்துன?"

பிரெசில்லா மைக்கைக் கீழே வைத்தாள்.

"கேக்குறேன்ல? எதுக்கு ஊத்துன?"

"அவரு கடல்லதான் கெடக்காரு, அத்தே. வேற எத நான் கொண்டு வர?"

"யாரு கெடக்கா?"

"உங்க மகன். செத்துப் போனாரு அத்தே."

ஆறு வருசமாக அந்த ஊரில் யாரும் யாகப்பம்மாள் முகத்துக்கு நேரே சொல்லாத சொல் அது. கிழவி மருமகளை அடிக்கவில்லை, ஏசவில்லை. நேராக நடந்து போய், துருக்கோட்டுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது மாதா காட்டுன ரத்தம். எம்மகன் உசுரோட இருக்கான். பொய்யின்னா இப்ப எந்தலையில விழட்டும்."

சாமியார் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கிழவி கல்லாகக் கிடந்தாள். வாசலில் ஆஸ்லின் "அப்பத்தா, வந்துரு" என்று கதறினாள். பிரெசில்லா ஒரு நிமிசம் வளைவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி. விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழட்டும்."

"போடி. பிள்ள அழுவுது."

"நீங்க வாங்க, நானும் வாரேன்." தலைக்கு மேலே எதுவோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரெசில்லா நிமிராமல் பேசிக்கொண்டே இருந்தாள். "சென்ட்ரிங் பிரிச்ச அன்னைக்கு நான் இங்கனதான் உக்காந்தேன் அத்தே. அவரு போனதுலேருந்து எனக்குச் சாமியே கெடையாது. உங்களுக்குப் பயந்து கோயிலுக்கு வந்தேன். அன்னைக்கு இத நிமுந்து பாத்தேன். இதுல உள்ள மண்ணு, கல்லு எல்லாம் நான் சுமந்தது. ஆனா பாத்தவொடன நெஞ்ச அடச்சுச்சு பாருங்க, அத நான் சுமக்கல. மேஸ்திரியும் சுமக்கல. அது ஆண்டவரு வச்சது. ரத்தம் வேணாம் அத்தே. அவர் இங்கன இருக்காருங்கிறதுக்கு எனக்கு அது போதும். அவர்கிட்டத்தான் உங்க மகனும் இருக்காரு."

கிழவி தரையில் உதிர்ந்திருந்த பொடியைக் கையால் தொட்டாள். வெளியே கடல் இரைந்தது.

"குளுந்துச்சாடி?" என்று கேட்டாள்.

"என்னது அத்தே?"

"அந்தத் தண்ணி. மொண்டப்ப, குளுந்து இருந்துச்சா?"

"இல்ல அத்தே. வெதுவெதுன்னு இருந்துச்சு."

யாகப்பம்மாள் மருமகளின் தோளைப் பிடித்து எழுந்தாள். இருவரும் வளைவை விட்டு வெளியே வந்தார்கள். கோயில் கதவைச் சாமியார் பூட்டினார்.

சாமியார் மறுபடி போன் செய்து விசயத்தைச் சொன்னதில் தர்மராஜ் ஞாயிறு காலையே ஓடி வந்தார். நீளக் கம்பி ஒன்றை எடுத்து, தள்ளி நின்றுகொண்டு, வளைவின் உச்சியில் தட்டினார். மூன்றாவது தட்டில் ஒரு ஆள் தூக்க முடியாத அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து, பாடகர் குழு நிற்கிற இடத்தில் இடியாக விழுந்தது. தரைக்கல் உடைந்தது. கண்ணாடி வழியாக வந்த வெயிலில் தூசி நெடுநேரம் அடங்கவில்லை. பிரெசில்லா அவர் வாயில் விழுவதற்குத் தயாராக நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், உடைந்த தரையைப் பார்த்தார்.

"அந்த ஒரு கலவை போன எடம் மட்டுந்தான் போயிருக்கு. வெட்டி எடுத்து, கம்பி மாத்திப் போட்டுறலாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "லாரித் தண்ணியில" என்று சேர்த்துக்கொண்டார்.

வளைவு நின்றது. ஆனால் ஊர் பிரெசில்லாவோடு பேசவில்லை. யாகப்பம்மாளும் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. இடிபாட்டைக் கூட்டி அள்ளி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒரு துண்டைக் கேட்க வேண்டும் என்று பிரெசில்லா நினைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

கல்லறைத் திருநாள் வந்தது. வழக்கம்போல வத்திக் கட்டோடு போய்ச் சுவரோரம் நின்றாள். கூட்டத்துக்கு அப்பால், மாமனார் கல்லறையின் காலடியில், யாகப்பம்மாள் குந்தியிருந்து வெறும் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். குழி ஒரு சாண்கூட இல்லை.

கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஆஸ்லின் முடியிலிருந்து விழுந்த அந்தத் துணுக்கு இருந்தது.

"இம்புட்டுக் குழி போதும்ல?" என்று கேட்டாள்.

"போதும் அத்தே."

"மண்ணு நீ மொதல்ல போடு."

"பெத்தவுக நீங்க இருக்கீக. நீங்க போடுங்க."

யாகப்பம்மாள் துணுக்கைக் குழியில் வைத்தாள். ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டாள். பிறகு அந்த மணல்மேல் கவிழ்ந்து படுத்து, மகன் பேரைச் சொல்லி, ஊர் கேட்க அழுதாள்.